ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊமையாகும் லேப்டாப்

லேப்டாப் ரிப்பேர் தொழிலில் எல்லாக் கதையும் "நான் ஒண்ணுமே பண்ணலை, தானா இப்படி ஆயிடுச்சு" என்ற பொய்யில்தான் தொடங்கும். கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்கும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா! இன்டர்மீடியட்டை (நம்ம பிளஸ் டூதான், இங்கே அதற்கும் காலேஜ்) பாதியில் விட்டுவிட்டு, செகந்திராபாத்தில் கௌஸ் பாய் கடையில் டிரையலுக்குச் சேர்ந்திருந்தேன். வேலை நிலைக்கவில்லை என்றால் மறுபடி காலேஜ் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

கச்சிபௌலி கைவண்ணம்

பக்கத்துத் தமிழ் சர்ச்சில் லேப்டாப் வைத்துப் பாட்டுக்கு இசை போடுபவர் ஜேக்கப் அங்கிள். வந்ததும் என் தலைக்கு மேல் எட்டிப் பார்த்து, "உள்ள பெரியவங்க இல்லையா பாப்பா?" என்றார். நான்தான் பார்ப்பேன் என்றதும் ஏதோ கிட்னியைக் கழற்றிக் கொடுப்பதுபோல லேப்டாப்பைக் கொடுத்தார்.

அரதப் பழசு. புது ஆபரேட்டிங் சிஸ்டம் இதற்குக் கிடையாது என்று தயாரித்த கம்பெனியே கைவிட்டது. அந்தத் தடையைத் தாண்டி யாரோ அதையே வலுக்கட்டாயமாக ஏற்றியிருந்தார்கள். படம் வருகிறது, சத்தம் வரவில்லை. எப்படி வரும்? ஐம்பது வயதுக்காரர் காலில் குழந்தை ஷூ! இதை ஏன் ஏற்றினீர்கள் என்று கேட்டால் அவருக்குக் கோபம்.

"என் அக்கா பையன் கச்சிபௌலியில ஐ.டி. கம்பெனியில வேலை பார்க்கிறான்மா, அவனுக்குத் தெரியாதா?"

என் முன்னால் மட்டும் பாடும்

சத்தத்தை வரவைக்கும் புரோகிராமான பழைய சவுண்ட் டிரைவரைத் தேடிப் பிடித்துப் போட்டேன். கடையே அதிரப் பாடியது. அடுத்த திங்கட்கிழமை அங்கிள் திரும்பி வந்தார். முதல் பாட்டு கேட்டதாம், இரண்டாவதுக்கு ஊமையாம். ஆன் செய்தேன், கூசாமல் பாடியது! அப்டேட் வந்து டிரைவரை மாற்றுகிறதோ என்று அதையும் நிறுத்தி, நாள் முழுக்கப் பாடவிட்டுக் கொடுத்தனுப்பினேன்.

அதற்கடுத்த திங்கட்கிழமையும் வந்தார். நடுவில் என்ன செய்தீர்கள் என்றால் "ஒண்ணுமே இல்ல." கேட்டுக்கொண்டிருந்த கௌஸ் பாய் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னிடம்தான் விரலை நீட்டினார். அது இன்னொரு தடவை வந்தால் நான் வர வேண்டாமாம்.

"ஔர் ஏக் பார் ஆயா தோ தூ நக்கோ ஆ!"

எல்லோரும் கண்ணை மூடியபோது

லேப்டாப்பை மறுபடி கொடுத்தனுப்பிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நானே சர்ச்சுக்குப் போய் அங்கிளுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். முதல் பாட்டு ஜோர். பாஸ்டர் "ஜெபிப்போம்" என்றார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை, லேப்டாப்பைப் பார்க்கத்தானே வந்தேன். அங்கிள் தலையைக் குனிந்தார். அப்படியே பைபிளை மூடுவதுபோல லேப்டாப் மூடியையும் மெதுவாக மூடினார்!

அது தூங்கிவிட்டது. ஆமென் சொல்லித் திறந்தார். திரை விழித்தது, சவுண்ட் விழிக்கவில்லை. கடையில் நான் ஒரு தடவைகூட மூடித் திறந்து பார்க்கவில்லையே! பாடகர் குழு வாயைத் திறந்தபடி நிற்கிறது. நான் பாய்ந்து ரீஸ்டார்ட் செய்தேன். மூடினாலும் தூங்காதபடி செட்டிங்கை மாற்றினேன். இசை வந்தது. ஏன் அங்கிள் இதைச் சொல்லவில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். "ஜெப நேரத்துல ஸ்கிரீன் எரிஞ்சா மரியாதையாம்மா?" என்று அவர் என்னை முறைத்தார்.

நன்றி சொல்லக்கூட ஆளில்லை. வாசலில் ஒரு ஆன்ட்டி மட்டும் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஜெபம் முடியிறவரைக்கும் நீ கண்ணையே மூடலை, நான் பார்த்துட்டேதான் இருந்தேன்."

அதே பை

திங்கட்கிழமை. அதே பையோடு அங்கிள் படியேறினார். எனக்குக் காலேஜ் வாசலே கண்ணில் தெரிந்தது. கௌஸ் பாய் டீயை வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

பையிலிருந்து வந்தது வேறு லேப்டாப். அங்கிளின் அக்காவுடையது. அதுவும் பழசு, அதே பையன், அதே சிஸ்டம், அதே ஊமை. "அந்தப் பொண்ணுகிட்டயே குடுங்க பாய்" என்றார் அங்கிள். கௌஸ் பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஸ்டூலை என் பக்கம் தள்ளினார்.

"ஏ தூஸ்ரா ஹை நா? தோ தூ பைட்."

வேறு மெஷின் என்பதால் உட்காரலாமாம், உட்கார்ந்தேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், தூங்கிப்போன சவுண்டைக்கூட எழுப்பிவிடலாம், "ஒண்ணுமே பண்ணலை" என்று சாதிக்கிற மனிதர்களின் வாயிலிருந்து உண்மையை வரவழைக்கத்தான் இன்னும் ஒரு டிரைவரும் வரவில்லை.