ஹேண்ட்பேகில் ஏறிய போர் விமானம்

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் என் ஹேண்ட்பேகில் ஒரு போர் விமானம் ஏறியது. செவ்வாய்க்கிழமை வரைக்கும் இறங்கவில்லை.

பயப்படாதீர்கள், அட்டை விமானம்தான். பள்ளிக்கூடத்துப் பசங்க கையில் இப்போது திரிகிறதே, அந்தச் சீட்டு. ஒவ்வொரு அட்டையிலும் ஒரு போர் விமானத்தின் படம். கீழே கட்டம் போட்டு வேகம், உயரம், தூரம், எடை. ஆளுக்குப் பாதி சீட்டு. மேல் அட்டையைப் பார்த்து நான் 'வேகம்' என்று சொன்னால் நீங்களும் உங்கள் அட்டையின் வேகத்தைக் காட்ட வேண்டும். பெரிய எண் யாரிடமோ அவருக்கே இரண்டு அட்டையும். குழந்தை விளையாட்டு!

ஆனால் எங்கள் டிராயிங் ஆபீசில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட குழந்தைகள் நிறைய. சங்கதி அங்கேதான் ஆரம்பம்.

நான் டிரேசர் என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். டிராஃப்ட்ஸ்மேன் பென்சிலில் வரைந்து தருவார். அதன் மேல் டிரேசிங் தாளைப் போட்டு, கோட்டுக்குக் கோடு மையில் ஏற்றுவது என் வேலை. பென்சிலில் இருக்கும்வரை யார் வேண்டுமானாலும் அழிக்கலாம். மையில் ஏறிவிட்டால் மாற்றுவதற்கு மூன்று கையெழுத்து வேண்டும்.

எங்கள் ஃபேக்டரியில் என்ன செய்கிறோம் என்று கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன் என்று சேர்ந்த அன்றே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். பறக்கிற ஏதோ ஒன்றுக்குப் பாகம் செய்கிறோம். அவ்வளவுதான்.

இந்தச் சீட்டு எங்கள் ஆபீசுக்குள் வந்தது தேவசகாயம் சார் தயவில். சீனியர் டிராஃப்ட்ஸ்மேன், எங்கள் ரிக்ரியேஷன் கிளப்புக்குச் செக்ரட்டரி. பரீட்சை நேரத்தில் மகனிடமிருந்து பிடுங்கியதை, ஆபீசுக்குக் கொண்டுவந்து அப்பா ஆட ஆரம்பித்துவிட்டார். ஒரு மாதத்தில் கேரம் போர்டில் தூசி படிந்தது. லஞ்ச் நேரத்தில் எங்கே பார்த்தாலும் 'உயரம்!', 'தூரம்!' என்ற கூச்சல்தான்.

நானும் ஓரமாக நின்று பார்த்துப் பார்த்து, எல்லா அட்டையும் எனக்கு மனப்பாடம்.

கிளப் ஆண்டு விழாவுக்கு நோட்டீஸ் வந்தது. ஆண்கள்: கேரம், செஸ், விமானச் சீட்டு. பெண்கள்: கோலம், லெமன் ஸ்பூன், மியூசிக்கல் சேர்.

பதினாலு வருஷமாக அந்த நாற்காலியைச் சுற்றிச் சுற்றி ஓடியிருக்கிறேன். இன்னும் எத்தனை வருஷம் ஓடுவது? நேரே தேவசகாயம் சாரிடம் போனேன்.

"சார், விமானச் சீட்டுக்கு என் பேரையும் எழுதிக்கங்க."

சார் சிரித்தார். அப்பா காலத்திலேயே செகந்திராபாத்தில் வேர்விட்ட குடும்பம். அவர் தமிழ் அந்த ஊர்த் தண்ணீர் கலந்தது; 'ஏன்' என்பதற்குக் 'கைக்கு', 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ'.

"கிரேஸம்மா, அது ஜென்ட்ஸ் கேம். கைக்கு உங்களுக்கு இந்தத் தொல்லை? போர் விமானத்தைப் பத்தி லேடீஸுக்கு என்ன தெரியும்?"

பாகத்தை மையில் வரைகிறவள் நான். எனக்கு என்ன தெரியுமாம்!

"எழுதிக் கொடுக்கிறேன் சார்" என்றேன்.

எங்கள் ஃபேக்டரியில் வாயால் சொன்னால் அது காற்றோடு போகும். எழுதிக் கொடுத்தால் ஃபைல் ஆகிவிடும். பதில் சொல்லியே தீர வேண்டும். சார் முகம் மாறியது.

"எழுத்தெல்லாம் நக்கோ. வெள்ளிக்கிழமை லஞ்ச்ல என்கூட ஒரு ஆட்டம் ஆடுங்க. ஜெயிச்சா லிஸ்ட்ல பேர். தோத்தா மியூசிக்கல் சேர். சரியா?"

"சரி."

வெள்ளிக்கிழமை. டிபன் பாக்ஸைத் திறக்காமலே உட்கார்ந்தேன். முப்பத்திரண்டு அட்டை, ஆளுக்குப் பதினாறு. லஞ்ச் முடிந்து சைரன் ஊதும்போது யாரிடம் அட்டை அதிகமோ அவருக்கு ஜெயம். சுற்றிலும் கூட்டம். டெலிபோன் ஆபரேட்டர் ஷாஹீன்கூட போர்டை அடுத்தவளிடம் ஒப்படைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

ஆட்டம் ஏறி இறங்கியது. சைரனுக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது பழையபடி பதினாறுக்குப் பதினாறு. கடைசிச் சுற்று, கேட்க வேண்டியது நான்.

மேல் அட்டையை எடுத்துப் பார்த்தேன்... நாட்!

பெயரே கொசு இனத்துப் பெயர்தான். சீட்டிலேயே மிகச் சின்ன விமானம். வேகம், உயரம், தூரம் எல்லாவற்றிலும் கடைசிப் பெஞ்ச். இந்த அட்டை வந்தாலே ஆண்கள் 'சே' என்று நெற்றியில் அடித்துக்கொள்வார்கள்.

எனக்கு மட்டும் அதன் மேல் தனிப் பிரியம். சண்டையில் முக்கியமானது திரும்புவது. எவ்வளவு சீக்கிரம் வளைந்து எதிரியின் முதுகுக்குப் பின்னால் வர முடியும்? அதற்கு அந்த அட்டையில் கட்டமே கிடையாது! வேலைக்கு வரும் வழியில் திருமுல்கேரியில் தினமும் பார்க்கிறேன். ஆர்மி லாரியும் ஆட்டோவும் ஒரே நேரத்தில் திரும்பினால் எது முதலில் திரும்பும்? லாரி என்ஜின் பெரிதுதான், எடையும் அதிகம். ஆனால் லோத்குண்டா வீட்டிலிருந்து அவசரமாகக் கிளம்புகிற நான் கை காட்டுவது ஆட்டோவுக்குத்தான்.

"எடை!" என்றேன்.

தேவசகாயம் சார் தன் அட்டையைத் திருப்பினார். பேன்டம். நாட் விமானத்தைப் போலப் பல மடங்கு எடை. கூட்டம் சிரித்தது.

"தோத்தாச்சு கிரேஸம்மா. அட்டையைக் கொடுங்க."

"நீங்கதான் சார் தோத்தீங்க. எடையில குறைஞ்சதுதான் ஜெயம்."

"யார் சொன்னது? பெரிய நம்பர்தான் ஜெயம். இத்தனை நாள் அப்படித்தானே ஆடறோம்?"

"இத்தனை நாள் தப்பா ஆடியிருக்கீங்க."

விதி அச்சடித்த தாள் சாரின் மகனிடமே தொலைந்துபோய்விட்டது. பெரிய எண்ணுக்கு ஜெயம் என்பது இவர்களாக வைத்துக்கொண்ட வழக்கம்.

எழுந்து, சுவர் ஓரம் மாட்டியிருந்த வரைபடத்தின் பக்கம் போனேன். பாகத்தைத் தாங்கிப் பிடிக்கிற ஒரு சின்ன பிராக்கெட்.

"இது யார் வரைஞ்சது சார்?"

"நான்தான். ஏன்?"

"போன மாசம் இதுல நாலு ஓட்டை எதுக்குப் போட்டீங்க?"

நானே ஓட்டைகளை விரலால் தொட்டுக் காட்டினேன்.

"எடையைக் குறைக்கத்தானே? சீஃப் டிசைனர் கை குடுத்தார். நீங்க எங்க எல்லாருக்கும் பிஸ்கட் வாங்கித் தந்தீங்க. காலையில கிராம் கிராமாச் சுரண்டறோம். மத்தியானம் சாப்பிட உக்காந்தா எடை கூடினது ஜெயிக்குமா?"

யாரும் சிரிக்கவில்லை. அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் வருஷக்கணக்காக எடையைக் குறைத்தே சம்பளம் வாங்கியவர்கள். ஒருவருக்குக்கூட அது தோன்றவில்லையே!

சாருக்குக் கோபம் வந்துவிட்டது. "அது வேலை, இது விளையாட்டு. அட்டையை வைங்க!"

சைரன் ஊதியது.

"நக்கோ தியோ அக்கா, கார்டு நக்கோ தியோ!" என்று ஷாஹீன் என் கையைப் பிடித்து இழுத்தாள். கொடுக்காதே என்று அவள் சொல்லத் தேவையே இல்லை. நாட் ஏற்கெனவே என் ஹேண்ட்பேகுக்குள் இருந்தது.

வீட்டுக்கு வந்து என்னவரிடம் நியாயம் கேட்டேன். ரயில்வே வொர்க்ஷாப்காரர், திருநெல்வேலிப் பேச்சு இன்னும் மாறவில்லை.

"எங்க என்ஜினுக்கு எடை இருந்தாத்தான் பிடிப்பு கிடைக்கும். லேசா இருந்தா சக்கரம் நின்ன இடத்துலயே சுத்தும்லா" என்றார்.

"உங்க என்ஜின் பறக்குமா?"

அதோடு சாப்பாட்டில் கவனமாகிவிட்டார்.

திங்கட்கிழமை மெமோ வந்தது. கிளப்புக்குச் சொந்தமான அட்டை ஒன்றை உடனே திருப்பித் தர வேண்டுமாம். மகனிடம் பிடுங்கியது எப்போது கிளப் சொத்தானது? இருக்கட்டும். நானும் எழுத்திலேயே பதில் கொடுத்தேன். 'போர் விமானத்துக்கு எடை கூடுவது சிறப்பா, குறைவது சிறப்பா என்று செக்ரட்டரி கையெழுத்திட்டு முடிவு தந்தால், அட்டை உடனே ஒப்படைக்கப்படும்.'

யோசித்துப் பாருங்கள். கூடுவதே சிறப்பு என்று சார் கையெழுத்துப் போட்டால் அவருடைய நாலு ஓட்டையும் தப்பு. குறைவதே சிறப்பு என்றால் நான் ஜெயித்தாயிற்று. சீஃப் டிசைனரிடம் போய்க் கேட்கலாமென்றால், எதற்காக என்று அவர் திருப்பிக் கேட்பாரே?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அன்று எனக்கும் தூக்கமில்லை. ஒரு சீட்டு விளையாட்டுக்காகச் சீனியரைப் பகைத்துக்கொள்கிறோமோ என்று மனசு அரித்தது. சீட்டு மட்டும்தான் என்றால் விட்டிருப்பேன். 'லேடீஸுக்கு என்ன தெரியும்' என்றாரே... அதை விட முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை லஞ்சுக்கு முன்னால் சாரே என் டேபிளுக்கு வந்தார், கையில் ஆண்டு விழா லிஸ்ட்டோடு. விமானச் சீட்டு என்ற தலைப்பின் கீழே, 'எடை: குறைந்த எண் வெல்லும்' என்று மையில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். அதன் கீழே எட்டு ஆண்கள் பெயர், மையில். ஒன்பதாவதாக என் பெயர்.

பென்சிலில்!

"இது ஏன் சார் பென்சில்ல இருக்கு?"

"இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்மா. மேலேருந்து யாராவது ஏதாவது சொன்னா..."

சொன்னால் அழித்துவிடலாம். அதுதானே? விமானத்துக்கு மையில் நியாயம். எனக்குப் பென்சிலில்.

ஹேண்ட்பேகைத் திறந்து நாட் அட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். லிஸ்ட்டை வாங்கி என் போர்டில் வைத்து நேராக்கினேன். பேனாவில் மை இருக்கிறதா என்று ஒரு தரம் உதறிப் பார்த்துக்கொண்டேன்.

"என்ன பண்றீங்க கிரேஸம்மா?"

"என் வேலையைத்தான் சார்" என்றேன். பென்சிலில் வந்ததை மையில் ஏற்றத்தானே எனக்குச் சம்பளம்?