நோட்டீசில் வந்த மூலம்

கம்ப்யூட்டர் மூலநோய்க்கு மருந்து கண்டுபிடித்துவிட்டது என்று நான் முழுசாக நம்பினேன். ஆதாரம் அச்சிலேயே இருந்தது. குழித்துறையில் நடக்கவிருந்த ஒரு கூட்டத்தின் நோட்டீஸ் அது: 'செயற்கை நுண்ணறிவு மூலம் மருந்து'. மற்றவர்கள் இதை எப்படி வாசிப்பார்களோ தெரியாது. ஆப்பரேஷன் செய்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொன்னபிறகும் சாக்குச் சொல்லித் தள்ளிப்போடுகிறவன், 'மூலம்' என்ற சொல்லை ஒரே விதமாகத்தான் வாசிப்பான்.

கோட்டாறில் எனக்கு நூல், பட்டன், ஜிப் விற்கும் கடை. நாள் முழுக்க உட்கார்ந்து செய்கிற தொழில். காற்றடித்த ரப்பர் வளையத்தின்மேல் மகாராஜாபோல் வீற்றிருப்பேன். கேட்டவர்களிடம் முதுகுவலி என்று சொல்லிவைத்திருந்தேன். கத்தியை நினைத்து, வீட்டில் வெங்காயம் நறுக்கும் சத்தத்துக்கே எழுந்து வெளியே போகிற நிலைமை.

அடுத்த கடையில் பாத்திரம் விற்கும் நண்பனும் கூட்டத்துக்கு வந்தான். பைக் வேண்டாம், பஸ் போதும் என்றேன்.

“சீட்டு காலியா கெடக்கு. என்னத்துக்குலே நிக்க?”

“காத்து வரட்டும் மக்கா.”

அரங்கிலும் நாற்காலிகள் காலி. மருந்து ஆராய்ச்சியில் வேலை பார்க்கும் இளம்பெண் ஒருவர் பேச வந்திருந்தார்.

“பின்னால நிக்கிற அங்கிள், உக்காருங்க.”

“நின்னா நல்லா கேக்கும் மக்களே.”

“மைக் இருக்கு அங்கிள்.”

நோயை உண்டாக்கும் புரதத்தில் ஒரு குழி இருக்குமாம். மருந்தின் மூலக்கூறு அதில் போய்ச் சரியாக உட்கார வேண்டுமாம். லட்சக்கணக்கான மூலக்கூறுகளை ஆய்வகத்தில் ஒவ்வொன்றாகச் சோதித்தால் ஆயுசு போதாது. எது உட்காரும், எது உட்காராது என்று கம்ப்யூட்டர் முன்கூட்டியே கணித்துவிட்டால், தேறுகிற சிலதை மட்டும் சோதித்தால் போதும். இது எனக்கு உடனே பிடிபட்டது. ரவிக்கைத் துணியோடு வருகிறவர்களுக்குக் கடையிலுள்ள நூல்கண்டு எல்லாவற்றையும் இழுத்துப் போடாமல், பொருந்துகிற நாலைந்தை மட்டும் எடுத்து வைக்கிற வேலை. ஆனால் மூலக்கூறு, குழி, உட்காருவது என்று அவர் சொல்லச் சொல்ல, பேச்சு முழுக்க என்னைப் பற்றித்தான் என்பதும் உறுதியாகிவிட்டது.

கேள்வி நேரத்தில் முதல் கை என்னுடையது.

“மக்களே, இந்த மூலம் மருந்து கடைக்கு எப்பம் வரும்?”

“எந்த மருந்து அங்கிள்?”

“நோட்டீஸ்ல போட்டிருக்கே. மூலம் மருந்து.”

அவர் நோட்டீசைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். காலி நாற்காலிகளைப் பார்த்தார். சிரிப்பை அடக்கப் பாடுபட்டார். அரங்கத்தில் வேறு யாரும் அந்தப் பாடு படவில்லை.

“அது 'வழியா'ங்கிற அர்த்தத்துல போட்டது அங்கிள். நாங்க பாக்கிறது வேற நோய். அதுக்குமே கம்ப்யூட்டர் தேர்ந்தெடுத்துக் குடுத்தப்புறம், ஆய்வகத்துல, எலிக்கு, அப்புறம் மனுசங்களுக்குன்னு சோதிச்சுத் தீர வருஷக்கணக்காகும். நீங்க அதுவரைக்கும் நிக்க வேண்டாம். டாக்டர் என்ன சொல்றாரோ அதைச் செய்யுங்க.”

நண்பன் என் காதருகே குனிந்தான். “முதுகுவலின்னுல்லா சொன்ன?”

“முதுகு முடியுற எடம்லே.”

திரும்பும் பஸ்ஸில் அவன் எனக்காக எழுந்து இடம் கொடுத்து, பஸ் முழுக்கக் கேட்கும்படி காரணமும் சொன்னான். அதற்குமேல் ஒளிக்க என்னிடம் எதுவும் இல்லை. சாக்கும் தீர்ந்தது.

அடுத்த வாரம் நாகர்கோவிலில் ஆப்பரேஷன் செய்துகொண்டேன். பயந்த அளவுக்கு வலிக்கவில்லை என்று எழுத ஆசைதான். வலித்தது. பிறகு சரியாகிவிட்டது.