யானாம் போய் வந்த அக்கா

அக்காவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், அக்காவுடன் பணியாற்றிய பெரியோர்களுக்கும் என் வணக்கம்.

இந்தக் கட்டுரையை நான் எழுத வேண்டும் என்று அத்தான் கேட்டபோது முதலில் மறுத்தேன். அக்காவைப் பெருமையாகச் சொல்ல அலுவலகத்திலேயே பலர் இருக்கிறார்கள், அவர்கள் எழுதட்டும் என்றேன். "அவங்கல்லாம் நல்லதா நாலு வார்த்த எழுதுவாங்கம்மா. நீ எழுதுனாத்தான் அவ எப்படிப்பட்டவன்னு தெரியும்" என்றார். அவர் எதைச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அக்கா மேல் எனக்கிருந்த பொறாமை எங்கள் குடும்பத்தில் எல்லோரும் அறிந்தது. அக்காவுக்கும் அது தெரியும். ஆகவே அதை ஒளித்து வைக்காமலே எழுதுகிறேன்.

வரிச்சிக்குடியில் நெல் பயிரிடும் குடும்பத்தில் மூத்த மகளாகப் பிறந்தவர் அக்கா. நான் அவருக்கு இரண்டு வயது இளையவள். எங்களுடையது கடைமடை நிலம். ஆற்றுத் தண்ணீர் எங்கள் வாய்க்கால் வரை வராத வருடங்களில் அப்பா பிறர் வயலுக்குக் கூலிக்குப் போனார். அப்படியும் எங்கள் இருவரையும் காரைக்காலில் கல்லூரி வரை படிக்க வைத்தார். எழுத்தர் வேலைக்கான தேர்வை நாங்கள் சேர்ந்தேதான் எழுதினோம். ஒரே புத்தகத்தை நடுவில் வைத்துக்கொண்டு படித்து, ஒரே பேருந்தில் போய் எழுதினோம். அக்காவுக்குக் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. சேதி வந்த அன்று அம்மா பாயசம் வைத்தார். தேங்காய் துருவும் வேலை என்னிடம் வந்தது. அழுதுகொண்டே துருவினேன். அக்கா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். ஏதாவது சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

எனக்கு மாமா மகனோடு உள்ளூரிலேயே திருமணம் ஆயிற்று. வயல், மாடு, இரண்டு ஆண் பிள்ளைகள் என்று வாழ்க்கை அமைந்தது. அக்கா கோட்டுச்சேரிக்கு மருமகளாகப் போனார். அத்தான் அங்கே மருந்துக்கடை நடத்துகிறார். அக்காவுக்கு ஒரே மகள், கயல். காலையில் நான் நாற்றங்காலில் நிற்கும்போது, சாலையில் போகும் பேருந்தின் சன்னலோரத்தில் அக்கா மடிப்புக் கலையாத சேலையில் உட்கார்ந்திருப்பது தெரியும். கையை ஆட்டுவார். நான் குனிந்துகொள்வேன்.

அக்கா முதலில் காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தின் தபால் பிரிவில் இளநிலை எழுத்தராகச் சேர்ந்தார். வருகிற கடிதங்களைப் பிரித்து, முத்திரை குத்தி, எண் போட்டு, எது எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று பார்த்து அனுப்புவது அவர் வேலை. பிறகு மேல்நிலை எழுத்தராகி நிர்வாகப் பிரிவுக்கு மாறினார். ஊழியர்களின் விடுப்பு, சம்பள உயர்வு, ஓய்வூதியம் எல்லாம் அவர் மேசை வழியாகத்தான் நகர்ந்தன. "கையெழுத்து போடுறது ஆபீசருதானே? அப்புறம் ஒனக்கு என்னக்கா இவ்வளவு வேல?" என்று ஒருமுறை கேட்டேன். அக்கா சிரித்தார். "அவரு எதுல போடணும், ஏன் போடணும், போட்டா யாருக்கு என்ன ஆவும், இதெல்லாம் எழுதி வக்கிறது நாங்கதாண்டி. நாளைக்கு ஆடிட்டுல கேள்வி வந்தாலும் மொதல்ல எங்களத்தான் கூப்புடுவாங்க" என்றார். அந்தச் சிரிப்பிலும் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

ஒருமுறை எங்கள் வீட்டில் வைத்த இறால் குழம்பை எடுத்துக்கொண்டு மதிய நேரத்தில் அவர் அலுவலகத்துக்குப் போனேன். அக்காவின் மேசை முன்னால் திருவேட்டக்குடியிலிருந்து வந்த ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். அந்த அலுவலகத்தில் காவலராக இருந்து இறந்துபோனவரின் மனைவி. குடும்ப ஓய்வூதியத்துக்காக வந்திருந்தார். ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் வேறு பெயர் என்று அழுதார்.

"அழுவாதிங்கம்மா. ரெண்டும் ஒரே ஆளுதான்னு ஒரு சான்று வாங்கணும், அவ்வளவுதான். நீங்க தனியா அலைய வேணாம், நம்ம பையன் ஒருத்தன கூட அனுப்புறேன். சாப்டிங்களா?" என்றார் அக்கா. என்னைப் பார்த்து, "செத்த உக்காருடி" என்று மட்டும் சொன்னார்.

நான் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. அந்த அம்மாளிடம் பேசிய குரலில் அக்கா என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை. வீட்டில் அவர் குரல் உத்தரவு போடும் குரல். இவ்வளவு மெதுவான குரல் அவருக்குள் இருந்ததா, அது யார் யாருக்கெல்லாம் கிடைக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் அந்த இறால் குழம்பில் பாதி அந்த அம்மாளுக்குத்தான் போயிற்று.

கண்காணிப்பாளராகப் பதவி உயர்வு வந்தபோது கூடவே யானாமுக்கு மாறுதலும் வந்தது. நம் புதுச்சேரி ஆட்சிப்பகுதியைச் சேர்ந்ததுதான் என்றாலும் ஆந்திரக் கடற்கரையில், கோதாவரி ஓரத்தில் இருக்கிற ஊர். கயல் அப்போது நான்காம் வகுப்பு. அத்தான் காலையில் கடை திறந்தால் இரவில்தான் மூடுவார். அக்கா எங்கள் அடுக்களையில் வந்து உட்கார்ந்தார்.

"பதவி உயர்வு வேணாம்னு எழுதிக் கொடுத்துடப் போறேன்."

"எழுதிக் கொடுத்தா?"

"எனக்குக் கீழ இருக்குறவங்க மேல போயிடுவாங்க. போவட்டும், என்ன இப்போ."

"புள்ளைய எங்கிட்ட வுட்டுட்டுப் போக்கா. என் ரெண்டோட இதுவும் ஒண்ணு" என்றேன்.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். நான் பெருந்தன்மையாகச் சொல்லவில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும். எனக்குப் பெண் பிள்ளை இல்லை. அக்காவிடம் இருந்தவற்றில் என் கைக்கு எட்டக்கூடியது கயல் ஒருத்திதான். இருந்தாலும் அக்கா, "சரி" என்றார்.

யானாமில் அக்கா கழித்த வருடங்கள்தான் என் வாழ்வில் நான் அவரைவிட உயரத்தில் இருந்த வருடங்கள். கயல் என் கையால் சாப்பிட்டாள், என் பக்கத்தில் தூங்கினாள். பள்ளியில் அம்மாவை அழைத்து வரச் சொன்னால் என்னை அழைத்துப் போனாள். அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் கூப்பிடுவார். கயல் இரண்டு வார்த்தை பேசிவிட்டு விளையாட ஓடிவிடுவாள். "வெளையாடுறாக்கா" என்று நான் சொல்லும்போது என் குரலில் இருந்த சந்தோஷத்தை அக்கா கேட்காமல் இருந்திருக்க மாட்டார்.

ஒரு பொங்கலுக்கு விடுப்பில் வந்தார். பையை வைத்துவிட்டுக் கயலைக் கூப்பிட்டார். அவள் என் முந்தானைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். மாலையில் நான் கயலுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது அக்கா வந்து சீப்பைப் பிடுங்கினார்.

"எம்புள்ளைய எங்கிட்டேருந்து பிரிக்கிறியாடி?"

"நான் என்னத்தப் பிரிச்சேன்? நீதான் வுட்டுட்டுப் போன."

"ஆபீசுல ஒருத்தரு லீவுல போனா அவரு சீட்ட இன்னொருத்தரு இன்சார்ஜா பாப்பாங்க. வந்ததும் ஒப்படைச்சுட்டு எந்திரிச்சுடணும். நீ இன்சார்ஜுதான், நெனப்புல வச்சிக்க."

"எம்புள்ள, எம்புள்ளங்குறியே, அவளுக்குக் காய்ச்சல் வந்தா எந்த மருந்து ஒத்துக்காதுன்னு ஒனக்குத் தெரியுமா?" என்று கத்தினேன்.

அக்காவின் முகம் வெளுத்தது. சீப்பை என் மடியில் வைத்துவிட்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய்விட்டார். அக்கா என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டதை நான் பார்த்தது அன்றுதான். அது எனக்கு இனித்தது என்று சொன்னால் படிப்பவர்கள் என்னை ஏசலாம். இனிக்கத்தான் செய்தது.

மீண்டும் காரைக்காலுக்கு மாறுதல் கிடைத்து அக்கா வந்தபோது, கயல் கோட்டுச்சேரிக்கு வர மாட்டேன் என்று அழிச்சாட்டியம் செய்தாள். அத்தான் கோபித்தார். அக்கா கோபிக்கவில்லை. "அவளா வரட்டும்" என்றார். அன்றிலிருந்து தினமும் அலுவலகம் முடிந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு ஸ்கூட்டியில் வந்துவிடுவார். கயல் வீட்டுப்பாடம் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். கேட்டால் சொல்லுவார், கேட்காவிட்டால் பேசாமல் இருப்பார். கூப்பிடவும் மாட்டார், கெஞ்சவும் மாட்டார். இருட்டும் நேரத்தில் தனியாகக் கோட்டுச்சேரிக்குக் கிளம்பிவிடுவார். மழைக்காலம் முழுவதும் இப்படியே போயிற்று. நானும் அசைந்து கொடுக்கவில்லை. கயலுக்குப் பிடித்ததையெல்லாம் அந்த நேரத்திலேயே செய்து கொடுத்தேன்.

அறுவடைக்கு முன்னால் ஒருநாள் அக்கா கிளம்பும்போது கயல் எழுந்து போய்த் தன் புத்தகப் பையை ஸ்கூட்டியின் முன்னால் வைத்தாள். "சித்தி, நான் அம்மாகூட போயிட்டு வர்றேன்" என்றாள். அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அது வெற்றிப் பார்வையாகத் தெரியும் என்று நினைத்தாரோ என்னவோ. கலைந்து போகிற கோப்புகளையும் முரண்டு பிடிக்கிற ஆட்களையும் அவர் அலுவலகத்தில் எப்படி வழிக்குக் கொண்டு வந்தார் என்பது எனக்கு அன்று புரிந்தது. வண்டி போன பிறகு வெகுநேரம் கதவைச் சாத்தாமல் நின்றிருந்தேன்.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை அக்கா காரைக்காலிலேயே கண்காணிப்பாளராக இருந்தார். காலையில் முதல் ஆளாக வந்து வருகைப் பதிவேட்டைப் பார்ப்பது, கடிதங்களைப் பிரிவு வாரியாகக் குறித்து அனுப்புவது, தனக்குக் கீழ் வேலை பார்க்கும் பிள்ளைகள் எழுதி வரும் வரைவுகளைத் திருத்துவது, தவறு நேர்ந்தால் அதிகாரி முன்னால் தானே போய் நிற்பது என்று அவர் நாள் ஓடியது. கயலின் திருமணத்தை முடித்தார். ஓய்வு பெற்ற மறு வருடமே இதயம் பலவீனமாகிவிட்டது. காரைக்காலிலும் புதுச்சேரியிலும் வைத்தியம் பார்த்த பிறகு, வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டோம்.

கடைசி நாட்களில் நானும் கயலும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டோம். நான் கஞ்சியை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அலுவலகத்துப் பெண் ஒருத்தி வந்து, "மேடம், இந்த லீவு கேசுக்கு ஆபீசருக்கு நோட்டு எப்புடி எழுதி வக்கிறது?" என்று கேட்டால் தலையணையில் சாய்ந்து நிமிர்ந்து உட்காருவார். "மொதல்ல ரூல எடுத்து எழுதும்மா, அப்புறம் ஒன் அபிப்ராயத்தச் சொல்லு" என்பார். பேசி முடிக்கும்போது என் கையிலிருந்த கஞ்சி அவருக்கே தெரியாமல் இறங்கியிருக்கும். அந்தப் பெண் வரும் நாட்களுக்காக நான் காத்திருக்க ஆரம்பித்தேன். அவளை எனக்குப் பிடிக்கவும் இல்லை. ஒரு விடியற்காலையில், எங்கள் இருவர் கையும் அவர் மேல் இருக்க, அக்கா அமைதியாகப் போய்விட்டார்.

அக்காவுக்கு மருத்துவம் பார்த்தவர்களுக்கும், வாரம் தவறாமல் வந்து பார்த்த அலுவலக நண்பர்களுக்கும், இறுதி நாளில் வேலைக்குப் போகாமல் பந்தல் போட்டு நின்ற கோட்டுச்சேரிமேட்டுச் சகோதரர்களுக்கும், எல்லாவற்றையும் தாங்கிக்கொண்ட அத்தானுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். கருமாதி அன்று பெட்டியோடு ஓர் அம்மாள் வந்து இறங்கினார். யானாம் அலுவலகத்தில் அக்காவோடு வேலை பார்த்தவர். இரண்டு ரயில் மாறி வந்திருந்தார். படத்தைப் பார்த்ததும் "அக்கா, அக்கா" என்று அழுதார். தெலுங்கிலும் அதே சொல்தானாம். அப்படிக் கூப்பிடுவதற்கு எனக்கு மட்டுமே உரிமை என்று நான் அதுவரை நினைத்திருந்தேன்.

சாப்பிடும்போது அவர் தமக்குத் தெரிந்த தமிழில் என்னிடம், "அக்கா பாட்டு ரொம்ப நல்லா பாடுவாங்க இல்ல? எங்க வீட்டு மாடியில சாயங்காலம் எங்களுக்குப் பாடுவாங்க" என்றார்.

அக்கா பாடி நாங்கள் யாரும் கேட்டதில்லை. நான் அத்தானைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார், இல்லை என்று.

"என்ன பாட்டுங்க?" என்று கேட்டேன்.

வார்த்தை தெரியாது, மெட்டுதான் தெரியும் என்று சொல்லி அவர் மெல்ல முனகினார். கயல் சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அது எந்தப் பாட்டென்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. நான் அவரை இன்னொரு முறை முனகச் சொன்னேன்.

அந்த அம்மாளுக்கும் என் நன்றி. அவரை நினைத்தால் எனக்கு வயிறெரிகிறது. வருகிற கோடையில் கயலை அழைத்துக்கொண்டு யானாமுக்குப் போகலாம் என்று இருக்கிறேன்.