நாற்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு கயிறு

எங்கள் வீட்டில் ஏதாவது முடிவு எடுக்க வேண்டுமென்றால் சீட்டு எழுத வேண்டும். இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தது நான்தான். அதனால் முதலில் அந்தச் சீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு வார்க்கிற கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. அச்சிலிருந்து எடுத்த இரும்பின் ஓரமெல்லாம் பிசிறு ஒட்டிக்கொண்டிருக்கும். கை கிரைண்டரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து அந்தப் பிசிறைத் தேய்த்து எடுக்க வேண்டும். பதினெட்டு வருடம் அதையே செய்தேன். நான் பத்தாவது வரை படித்தவன். கம்பெனியில் என் எழுத்துக்கு வேலை வைத்தது அந்த மஞ்சள் சீட்டு மட்டும்தான்.

யாருக்காவது அடிபட இருந்து, நூலிழையில் தப்பித்துவிட்டால், அன்றைக்கே அதை மஞ்சள் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். சீட்டில் நான்கு கேள்விகள் அச்சடித்திருக்கும். என்ன நடந்தது? என்ன நடந்திருக்கக்கூடும்? ஏன்? இனி நடக்காமலிருக்க என்ன செய்யலாம்? மற்றவர்கள் சோம்பல்பட்டு எழுதமாட்டார்கள். நான் எழுதுவேன். தரையில் எண்ணெய் சிந்தினால், யாராவது கண்ணாடி போடாமல் நின்றால், சங்கிலி தேய்ந்திருந்தால் எல்லாம் எழுதுவேன். ஒரு வருடம் அதிகமாக எழுதியவன் என்று டிபன் கேரியர் பரிசு கொடுத்தார்கள். இன்றைக்கும் அதில்தான் சோறு எடுத்துப் போகிறேன்.

அச்சு கோணலாக விழுந்த சீட்டுக் கட்டுகளைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவருவேன். பிள்ளைகள் பின்பக்கத்தில் கணக்குப் போடுவார்கள். மெல்ல மெல்ல எல்லாவற்றுக்கும் அதுவே ஆகிவிட்டது. நாய்க்குட்டி வளர்க்கலாமா, மகள் சைக்கிளில் ரயில்வே கேட்டைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போகலாமா, எதுவானாலும் அந்த நான்கு கேள்வியையும் போட்டுப் பார்ப்போம்.

என் மனைவிக்குத் தையில் நாற்பது வயது வரப்போகிறது என்று சென்ற மார்கழியில் கண்டுபிடித்தது மகள். அவள் பத்தாவது படிக்கிறாள். மகன் ஆறாவது. மனைவி மாத்திரை அட்டையைப் பெட்டியில் போட்டு மடிக்கிற கம்பெனியில் நாள் முழுக்க நின்றபடி வேலை செய்கிறவள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் வெளியூர் போனது கோயிலுக்கு, கல்யாணத்துக்கு, சாவுக்கு. அவ்வளவுதான். இந்தப் பிறந்தநாளுக்கு இதுவரை போகாத மாதிரி ஓர் இடத்துக்குப் போக வேண்டும், ஆளுக்கொரு சீட்டு எழுதுங்கள் என்றாள் மகள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நாஷ்டா முடிந்து நால்வரும் உட்கார்ந்தோம். மகள், பழவேற்காடு ஏரியில் நாமே துடுப்புப் போட்டுப் படகில் போகலாம் என்று எழுதியிருந்தாள். மகன், காட்டில் கூடாரம் போட்டுப் படுக்கலாம் என்று எழுதிக் கூடாரத்துக்கு வெளியே ஒரு கரடியும் வரைந்திருந்தான். மனைவியின் சீட்டில் மூன்று வரி. மலைக்குள்ளே அருவி. கயிறு பிடித்துப் பாறை ஏறணும். நான் ஏறணும்.

கூட வேலை செய்கிற பெண் ஒருத்தி கம்பெனி பஸ்ஸில் செல்போனில் காட்டினாளாம். ஆந்திர எல்லையைத் தாண்டினால் மலை. ஓடைக்குள்ளேயே நடந்து, கடைசியில் கயிற்றைப் பிடித்து ஏறினால் மேலே ஒரு குளம்.

"ம்மா, நீ பஸ்ல ஏறவே ரெண்டு பேரு தள்ளணும்," என்றாள் மகள்.

"அது கூட்டத்துலடி. பாறை மேல யாரு கீறா என்னைத் தள்ள?"

"திருவாலங்காடு கோயிலுக்குப் போய்ட்டு, அப்டியே வேப்பம்பட்டுல உங்கக்கா ஊட்டுக்குப் போய்ட்டு வந்துடலாமே," என்றேன் நான்.

"கோயிலுக்குப் போனா வரிசைல நிக்கணும். அக்கா ஊட்டுக்குப் போனா பாத்திரம் கழுவணும். ரெண்டும் இங்கியே செய்றேன். ஒரு நாளாவது எதுனா ஒண்ணு ஏறிப் பாக்கறேன்யா."

பிள்ளைகள் கை தட்டினார்கள். மகன் தன் கரடிச் சீட்டைக் கிழித்தே போட்டுவிட்டான். அவர்களைப் பொறுத்தவரை முடிவாகிவிட்டது.

நான் மட்டும் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்று வருடமாக என் விரல்களுக்கு எதுவும் தெரிவதில்லை. முதலில் பனிக்காலக் காலைகளில் நுனி மட்டும் சுண்ணாம்பு பூசியது போல வெளுக்கும். கொஞ்ச நேரத்தில் சரியாகும். பிறகு சரியாவது நின்றது. பத்து விரலும் இருந்தன, சொன்னபடி மடங்கின, நீண்டன. ஆனால் யாரோ எனக்கு மாட்டிவிட்ட கையுறை மாதிரி இருந்தன. சட்டைப் பொத்தானைக் கண்ணால் பார்த்துத்தான் போடுவேன். ஒரு முறை தோசைக்கல்லில் விரல் பட்டுக் கொப்பளித்ததை மறுநாள் குளிக்கும்போது பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நாய்க்குட்டி வந்த அன்றைக்கு மகன் அதை என் கையில் வைத்து, "எவ்ளோ சாஃப்டா கீது பாருப்பா," என்றான். "ஆமாண்டா, சாஃப்டா கீது," என்றேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கிரைண்டரிலிருந்து எடுத்துவிடுவார்கள். எடுத்து எங்கே போடுவார்கள், போடுவார்களா என்பதே தெரியாது. ஊர் உலகத்தின் ஆபத்தையெல்லாம் எழுதிப் பெட்டியில் போட்டவன், என் கையைப் பற்றி ஒரு சீட்டும் எழுதவில்லை.

விரலில் இருந்த மரப்பு மனசுக்குள்ளேயும் போய்விட்டதோ என்று சில நாள் தோன்றும். மகள் பரிசு வாங்கி வந்து காட்டுவாள். நல்லா கீதும்மா என்பேன். வாய்தான் சொல்லும்.

இந்தக் கையை வைத்துக்கொண்டு வழுக்குப் பாறையில் கயிற்றைப் பிடிக்க முடியாது. பின்னால் வருகிற மகனைப் பிடித்தேனா, விட்டேனா என்பதும் எனக்குத் தெரியாது. அதைச் சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? புதிதாக ஒரு மஞ்சள் சீட்டை எடுத்து, வழக்கம் போல நான்கு கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் எழுதினேன். அருவியில் தண்ணீர் வற்றிவிட்டது, கம்பெனியில் போய் வந்தவர்கள் சொன்னார்கள் என்று எழுதினேன். காட்டிலாகாவினர் கேட்டைப் பூட்டிவிட்டார்கள் என்று எழுதினேன். குரங்கு கடிக்கிறது என்று எழுதினேன். எல்லாம் பொய். பொய் எழுதவும் அந்தச் சீட்டு வசதியாகத்தான் இருந்தது.

மனைவி இரண்டு முறை படித்தாள். பரிசு வாங்கின கையாயிற்றே, நம்பிவிட்டாள்.

"சரி, உடு. திருவாலங்காடே போலாம்," என்றாள்.

தன் மூன்று வரிச் சீட்டை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த கேஸ் அடுப்பின் காலுக்கு அடியில் செருகினாள். அடுப்பு ஆடுவது நின்றது. தினமும் காலையில் டீக்கு நிற்கும்போது அந்த மஞ்சள் ஓரம் என் கண்ணில் படும். எனக்கு வருத்தம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. டீயைக் குடித்துவிட்டு பஸ்ஸுக்குப் போனேன்.

பிள்ளைகள் விடவில்லை. அந்த அருவி இல்லாவிட்டால் வேறு அருவி என்று பேசிக்கொண்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, மனைவி மீன் வாங்கப் போயிருந்த நேரம், மகன் எங்கிருந்தோ ஒரு கயிறு கொண்டுவந்தான். எங்கள் வீட்டின் மாடி பாதி கட்டியபடி நிற்கிறது. கீழே ஒரு பக்கம் மணல் குவியல், அதை ஒட்டி ஜல்லி.

"ப்பா, நீ மேல நின்னு கயித்தப் புடி. நான் செவுத்துல கால வெச்சி ஏறி வரேன்."

"வேணாண்டா."

"ஏன்?"

நாய்க்குட்டி குரைத்தது. மகள், "பயப்படறாருடா," என்று சிரித்தாள். நான் மாடிக்குப் போய்க் கயிற்றைப் பிடித்தேன்.

பனி இன்னும் விலகவில்லை. விரல்கள் வெளுத்திருந்தன. மகன் சுவரில் காலை ஊன்றி ஏறினான். ஜன்னலுக்கு மேலே நீட்டியிருக்கும் சன்ஷேட் வரை வந்துவிட்டான். நான் என் கைகளைப் பார்த்தேன். மூடித்தான் இருந்தன. கயிறு அவற்றுக்குள்ளே ஓடிக்கொண்டிருந்தது. என் கைதான், என் கண்ணுக்கு எதிரேதான், ஆனால் யாருடைய கையிலோ ஓடுவது போல நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மணலில் விழுந்தான். தலைக்கும் ஜல்லிக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது.

எழுந்து மணலைத் தட்டிவிட்டு, மேலே பார்த்துச் சிரித்தான். "வேணும்னே உட்ட தானே?"

"ஆமாண்டா," என்றேன்.

மகள் சிரிக்கவில்லை. மேலே வந்து என் கையைப் பார்த்தாள். உள்ளங்கை உரிந்து விரலெல்லாம் ரத்தம்.

"ப்பா, ரத்தம். வலிக்கலியா?"

"இல்லம்மா."

உண்மையைச் சொன்னேன். அவளுக்கு அது தைரியம் மாதிரி இருந்திருக்கும்.

கையில் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து ஒரு மஞ்சள் சீட்டு எழுதினேன். பேனாவை ஐந்து விரலாலும் பிடித்து எழுத வேண்டியிருந்தது. என்ன நடந்தது: மகன் கயிற்றிலிருந்து விழுந்தான். என்ன நடந்திருக்கக்கூடும்: தலை ஜல்லியில் பட்டிருக்கும். ஏன்: அப்பாவின் விரல்களுக்கு உணர்வு இல்லை, மூன்று வருடமாக. நான்காவது கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. காலியாக விட்டேன்.

மனைவி கூடையோடு உள்ளே வந்ததும் சீட்டை நீட்டினேன். நின்றபடியே படித்தாள்.

"இது பொட்டியில போட்ற சீட்டு. என்கிட்ட நீட்டற? நான் இன்னா பொட்டியா?"

சீட்டைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

"மூணு வருஷமா என் பக்கத்துல குந்திக்கினு சோறு துன்ற. வாயத் தொறந்து சொல்ல மாட்டியா? புள்ள உழுந்தாதான் சீட்டு வருமா?"

"கம்பெனில எடுத்துடுவாங்கன்னு..."

"கம்பெனில சொல்லல, சரி. எனக்கு ஏன்யா சொல்லல?" பிறகு ஏதோ நினைவுக்கு வந்தது போல என்னைப் பார்த்தாள். "அப்போ அருவில தண்ணி?"

"கீது."

"கேட்டு?"

"தொறந்துதான் கீது."

"கொரங்கு?"

"கொரங்கு நெஜமாவே கடிக்கும்னு நெனைக்கறேன்."

மகன் சிரித்துவிட்டான். அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். கூடையைக் கீழே வைத்துவிட்டு என் எதிரே உட்கார்ந்து, துணியைப் பிரித்து, என் விரல் நுனியைக் கிள்ளினாள். "இங்க?" இல்லை என்றேன். அடுத்த கணுவில் கிள்ளினாள். இல்லை. உள்ளங்கையின் ஓரம். இல்லை. ஒவ்வொரு முறை இல்லை என்று சொன்னபோதும் அவள் முகம் சுருங்கியது. மணிக்கட்டைத் தாண்டி நகத்தை அழுத்தினாள்.

"ஆ," என்றேன்.

"இங்க தெரிதா?"

"தெரிது."

"சரி," என்றாள். என் பேனாவை வாங்கி நான்காவது கேள்விக்கு எதிரே எழுதினாள். கயிறு நான் பிடிப்பேன். அவர் நடுவில் வரணும். நாளைக்கே கம்பெனியில் கை காட்டணும்.

பிறகு குனிந்து அடுப்பின் காலுக்கு அடியிலிருந்து தன் சீட்டை உருவினாள். அடுப்பு பழையபடி ஆட ஆரம்பித்தது. அன்றைக்கு மீன் குழம்பு அந்த ஆட்டத்தோடுதான் கொதித்தது.

மறுநாள் என்னைப் பற்றிய சீட்டு ஒன்றை நானே எழுதிப் பெட்டியில் போட்டேன். டாக்டர் பார்த்தார். மிஷின் அதிர்ந்து அதிர்ந்து வந்தது, இனி அதைத் தொடக் கூடாது, போனது முழுசாகத் திரும்புமா என்று சொல்ல முடியாது என்றார். இப்போது எடை போடுகிற இடத்தில் நிற்கிறேன். முள்ளைப் பார்த்து எழுத வேண்டும். அதற்கு விரலுக்கு எதுவும் தெரியத் தேவையில்லை. பழைய இடத்தில் வேறு ஒருவர் கிரைண்டரோடு நிற்கிறார். பனிக்காலத்தில் விரல் வெளுக்கிறதா என்று அவரிடம் கேட்டுவிட்டேன். இன்னும் இல்லையாம்.

பொங்கல் கழிந்து அவள் பிறந்தநாளன்று போனோம். மகளின் டிராக் பேன்ட்டைப் போட்டு, மேலே என் கம்பெனிச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தாள் மனைவி. வழி காட்ட வந்த ஊர்க்காரர் மரத்தில் கயிற்றைக் கட்டிவிட்டு, "பெரியவரு மொதல்ல ஏறட்டும்," என்று என்னைக் காட்டினார்.

"அவரு மூட்டை. நடுவுல வருவாரு," என்றாள் அவள்.

அவளே முதலில் ஏறினாள். இரண்டு முறை வழுக்கி முட்டியைத் தேய்த்துக்கொண்டாள். பாதியில் நின்று, இடது கையால் கயிற்றைப் பிடித்து, வலது கையை எனக்கு நீட்டினாள். என் கையைப் பிடிக்கவில்லை. மணிக்கட்டுக்கு மேலே பிடித்தாள். அவள் கண்ணாடி வளையல் என் தோலில் அழுத்தியது. அது தெரிந்தது. மேலே போகிற வரைக்கும் தெரிந்துகொண்டே இருந்தது.

குளத்தை அவள் இடுப்பில் கை வைத்து வெகுநேரம் பார்த்தாள். பிள்ளைகள் கத்தினார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால், சொல்லத் தெரியவில்லை. பாறையில் உட்கார்ந்து இரண்டு கையையும் தண்ணீரில் விட்டேன். விரல்கள் வெளுத்தன.

மகன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "தண்ணி எப்டிக் கீதுப்பா?"

ஜில்லென்று இருக்கிறது என்று சொல்ல வாய் வந்தது. "தெர்லடா," என்றேன். "முழங்கைல ஊத்து, சொல்றேன்."

அவன் இரண்டு கையாலும் அள்ளி வந்து என் முழங்கையில் ஊற்றினான். பாதி அவன் மடியிலேயே கொட்டிவிட்டது. மீதி பட்டது.

"ஜில்லுனு கீது," என்றேன்.

"நெஜமாவா?"

"நெஜமா."

இன்னொரு முறை அள்ளி வரப் போனான்.