மூன்றாம் டேங்கில் எரிந்தது

பேயை நம்பச் சொல்லி இதை நான் எழுதவில்லை. திண்டிவனத்தில் அந்தப் பகலில் என் கண்முன் நடந்ததை அப்படியே சொல்கிறேன். நினைத்தால் இன்றும் பயத்துக்கு முன்னால் கோபம்தான் வருகிறது.

1986, சித்திரை மாதம். விழுப்புரம் போகும் சாலையில் ஒரு வனஸ்பதித் தொழிற்சாலை. எண்ணெயைக் கெட்டியாக்க ஹைட்ரஜன் வேண்டும். எரிவாயுவை நீராவியோடு காய்ச்சினால் பல வாயுக்கள் கலந்து வரும். சிறு உருண்டைகள் நிரப்பிய உயரமான டேங்குகளுக்குள் அந்தக் கலவையை அழுத்தி அனுப்புவோம். மற்றதெல்லாம் உருண்டைகளில் ஒட்டிக்கொள்ளும். ஹைட்ரஜன் மட்டும் பிரிந்து வெளியே வரும். அதைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

மூன்றாம் டேங்கின் வால்வு கசிந்துகொண்டிருந்தது. மேனேஜர் சீனுவாசனிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

"ஹைட்ரஜன் எரிஞ்சா வெயில்ல கண்ணுக்கே தெரியாது சார். பிளாண்ட்ட நிறுத்துங்க."

"பயமா இருந்தா நீ நின்னுக்கோ. பிளாண்ட் நிக்காது."

எனக்கு ரத்தம் கொதித்தது. ஸ்பானரை எடுத்துக்கொண்டு நானே போனேன். உச்சி வெயில். தரை, கம்பி, காற்று, எல்லாமே சுட்டன.

ஸ்ஸ்ஸ்ஸ்...

வால்வுப் பக்கம் ஒரு பெண் நின்றிருந்தாள். புடவைக்கு மேல் காக்கிச் சட்டை. கையில் துடைப்பம். பெருக்க வந்தவள் என்று நினைத்தேன்.

"அங்க இன்னாம்மா பண்ற? தள்ளு!"

அவள் திரும்பவில்லை. துடைப்பத்தை மட்டும் எனக்குக் குறுக்கே நீட்டினாள்.

"போவாதீங்க."

துடைப்பத்தின் நுனி குப்பென்று பற்றிக்கொண்டது. அதற்கு முன்னால் வெறும் காற்று. பற்றவைத்த தீயைக் காணோம்.

இன்னும் ஓர் அடி வைத்திருந்தால்... என் முகம்.

பின்னால் சாய்ந்து விழுந்தேன்.

நிமிர்ந்தேன்.

அவள் இல்லை...

துடைப்பம் மட்டும் கிடந்தது. எரிந்தபடி.

ஓடிப்போய் மெயின் வால்வை மூடினேன். பாதி கருகிய துடைப்பத்தைக் கொண்டுபோய் மேனேஜர் மேஜைமேல் எறிந்தேன். அதன் பிடியில் சிவப்புப் புடவைக் கிழிசல் சுற்றியிருந்தது. அதையே பார்த்தார். முகம் வெளுத்தது.

"அவ... வீட்ல ஸ்டவ் வெடிச்சுல்ல செத்தா?"

நான் எந்தப் பெண்ணைப் பற்றியும் வாய் திறக்கவே இல்லை.

வாட்ச்மேன் விருத்தாசலத்தை உலுக்கிக் கேட்டேன். பெயர் பூமாலை என்றார். கூட்டிப் பெருக்கும் வேலை. நான் சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால் செத்துப்போனவள். ஓமந்தூர்ப் பக்கம் வீடு. அப்போதே சைக்கிளை எடுத்தேன்.

அவள் அம்மா வீரம்மாள் விறகடுப்பில் கேப்பைக் கூழ் கிண்டிக்கொண்டிருந்தாள். கேட்டதும் கரண்டியை வீசி எறிந்தாள்.

"ஸ்டவ்வா? எங்க வூட்ல ஏது சார் ஸ்டவ்வு? பட்டப்பகல்ல ஃபேக்டரி ஜீப்புல கொண்டாந்து ஆஸ்பத்திரி வாசல்ல எறக்கிட்டுப் போய்ட்டானுங்க, பாவிங்க! மூணு நாளு உசுரோட கெடந்தா. 'ஒண்ணுமே எரியலயேம்மா... நான் எப்டிம்மா வெந்தேன்?'னு கேட்டுக்கினே செத்துட்டா சார்."