பூனைக்கும் கோழிக்கும் நடுவே ஒரு முள்

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அதனால் அப்பா பழைய கார் ஒன்று வாங்கியபோது, அதில் எழுதியிருந்ததைப் படிக்கும் வேலையும் எனக்கே வந்தது. எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளுக்கு ஒரு பக்கம் சி, மறுபக்கம் எச். சி என்றால் கேட், பூனை. எச் என்றால் ஹென், கோழி என்று அறிவித்தேன். அப்பாவும் மறுக்கவில்லை. குளிர்ந்தால் பூனை, கொதித்தால் கோழி என்று வைத்துக்கொண்டார்.

அந்தக் கோடையில் அத்தையை வத்தல்மலையில் அவள் கணவர் வீட்டில் விட்டுவரக் கிளம்பினோம். சண்டை போட்டுக்கொண்டு வந்தவள். வழியெல்லாம் பின்சீட்டில் அழுதுகொண்டே வந்தாள்.

"அந்த வூட்டுக்கு மறுபடி அனுப்பாதண்ணா."

"நாலு பேரு என்ன பேசுவாங்க? கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா."

வளைவுகளில் ஏற ஏற முள் கோழியை நெருங்கியது. எஞ்சின் சூட்டைக் காருக்குள் இழுத்துக் குறைக்க அப்பா ஹீட்டரைப் போட்டார். அனல் முகத்தில் அடித்தது.

"முள்ள வுடாமப் பாத்துக்கிட்டே வா பாப்பா."

சற்று நேரத்தில் முள் சரசரவென்று இறங்கியது. ஹீட்டர் காற்றும் குளிர்ந்துவிட்டது. பின்சீட்டிலும் சத்தமில்லை.

"அப்பா, முள்ளு பூனைகிட்ட வந்துடுச்சு. அத்தையும் அழுவல."

"அப்பாடா, ரெண்டும் ஆறிடுச்சு" என்று சிரித்தார் அப்பா.

அடுத்த வளைவைத் தாண்டவில்லை. கருகிய வாடையோடு கார் நின்றுபோனது. பானெட்டைத் திறந்தால் ரேடியேட்டர் குழாய் கிழிந்து தொங்கியது.

"ஆறல பாப்பா. தண்ணி பூராவும் போயிடுச்சு. சூட்டச் சொல்றதுக்கு உள்ள ஒண்ணுமே இல்ல. அதான் முள்ளு எறங்கியிருக்குது."

சொல்லிவிட்டு நிமிர்ந்தவர் அத்தையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் இறங்கி ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள். கண் காய்ந்திருந்தது.

மலைமேல் போகும் பிக்கப் வண்டி ஒன்று வந்து நின்றது.

"மேல வுட்டுடறேன், ஏறுங்க" என்றார் ஓட்டுநர்.

அத்தை அசையவில்லை. அப்பாவும் அவளை எழச் சொல்லவில்லை.

"இல்லீங்க, நீங்க போங்க. நாங்க கீழ போறோம்" என்றார்.

அத்தைக்குப் பிக்கப்பில் ஏறப் பயம் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் எல்லோரிடமும் அப்படியே சொன்னேன்.