அண்ணைக்கு அடித்த கத்தி

பழுக்கக் காய்ச்சிய இரும்பை எண்ணெயில் தோய்க்கும்போது ஒரு புகை எழும். அந்த மணம் வந்தால் போதும், எனக்கு நெடுந்தீவில் அண்ணையின் முற்றம் நினைவுக்கு வந்துவிடும்.

அப்பா விட்டுப்போன காணியின் வேலிச் சண்டை ஒன்றில் நானும் அண்ணையும் பேச்சை விட்டிருந்தோம். அவர் நெடுந்தீவில் மாடு வளர்ப்பவர். நான் வேலணையில் வீட்டுக்குப் பின்னால் ஆசைக்குக் கத்தி அடிப்பவன். சமாதானமாகட்டும் என்று, மாட்டுக்கு ஓலை வெட்ட அவருக்கொரு கத்தி செய்யத் தொடங்கினேன். பழைய லொறி வில்லுத்தகட்டை அடித்தேன், தேய்த்தேன், மினுக்கினேன். தேய்க்கத் தேய்க்க மனம் அடங்கியது. அந்த அமைதி இனித்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இரண்டு மாரி கழிந்துவிட்டது.

ஒருவழியாகக் குறிகட்டுவான் துறையில் படகேறிப் போனேன். அண்ணை முற்றத்தில் கதிரையில் இருந்தார். கத்தியை நீட்டினேன்.

“கையில தராதை, சண்டை வரும். கீழ வை.”

“இனி என்ன சண்டை வரக் கிடக்கு, அண்ணை?”

சிரித்தபடி நிலத்தில் வைத்தேன். அவர் குனிந்து இடக்கையால் துழாவி எடுத்தார். வலக்கை மடியிலேயே கிடந்தது.

“எப்ப இப்பிடி?”

“போன மாரிக்குள்ள. பாரிசவாதம். மாடுகளையும் வித்திட்டன்.”

போன மாரியில் நான் அந்தக் கத்திப் பிடியில் பூச் செதுக்கிக்கொண்டிருந்தேன். மனம் அடங்கிவிட்டதென்று நம்பியிருந்தேன். அவர் முகத்தைப் பார்க்கும் பயத்தைத்தான் அவ்வளவு அழகாக மினுக்கியிருக்கிறேன்.

படகுக்கு எழுந்தபோது, அண்ணை கத்தியை வெயிலில் திருப்பிப் பார்த்தார்.

“வடிவாத்தான் செய்திருக்கிறாய். அடுத்தமுறை வெறுங்கையோட, நாள் கடத்தாமல் கெதியா வா.”